பொன் வைக்கும் இடத்தில் மண்

பொன் வைக்கிற இடத்தில் பூவையாவது வைக்க வேண்டும் என்று பெரியோர்கள் சொல்வதுண்டு. கையில் காசில்லாதவர்களும் தலை குனியாமல் கல்யாணம் நடத்துவதற்கு வழி சொன்ன வாக்கு அது. ஆனால் இப்போது அநேக வீடுகளில் நம் சகோதரிகள் இன்னும் ஒரு படி இறங்கி வந்து, பொன் வைக்கிற இடத்தில் மண்ணையே வைத்துவிட்டார்கள்! காதிலே மண் தோடு, கழுத்திலே மண் மணி, புடவையின் நிறத்துக்கு இசைந்த மண் பதக்கம். தங்கத்தின் விலை ஏறும் வேகத்தைப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தவிர, மண் தோட்டை அணிந்துகொண்டு ரயிலில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகலாம்.

இது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று எண்ண வேண்டாம். 2015ஆம் ஆண்டில் அகழ்வாராய்ச்சி தொடங்கிய கீழடியில் கிடைத்த பொருள்களுள் சுடுமண் மணிகளும் உண்டு. வைகைக் கரையில் நம் முன்னோர் வீட்டுப் பெண்கள் அணிந்த நகையைத்தான் இன்று நாம் புதிதாகக் கற்றுக்கொள்வதாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆகையால் இந்த வாரம் அந்த வித்தையை வீட்டில் செய்து பார்க்கும் முறையை விவரமாகச் சொல்லலாம் என்று உத்தேசம். கடைசியில் ஒரு கணக்கும் இருக்கிறது. அதைப் படிக்காமல் யாரும் மண்ணில் கை வைக்க வேண்டாம்.

முதலில் மண். தோட்டத்து மண் உதவாது. பானை செய்கிறவர்களிடம் சென்று, உரிய விலை கொடுத்து, இரண்டு கிலோ களிமண் வாங்கி வாருங்கள். அதை நன்றாக உலர்த்திப் பொடி செய்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கல்லும் வேரும் துணியிலே தங்கிவிடும். வடித்த கரைசல் தெளிந்ததும், மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலைச் சப்பாத்தி மாவின் பதம் வரும் வரை உலர விடுங்கள். பத்தில் ஒரு பங்கு சலித்த நுண்மணல் சேர்த்துப் பிசைந்தால் மண் அதிகமாகச் சுருங்காது. சுடும்போது உள்ளேயுள்ள ஆவி வெளியேறவும் வழி கிடைக்கும். பிசைவதில் சோம்பல் கூடாது. உள்ளே காற்றுக் குமிழ் இல்லாதபடி அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும். பிறகு ஈரத் துணியில் சுற்றி ஒரு வாரம் மூடி வைத்தால் மண் இன்னும் இணக்கமாகும். தோசை மாவுக்கு ஓர் இரவு பொறுக்கிற நாம் நகை மண்ணுக்கு ஒரு வாரம் பொறுக்கலாகாதா?

இனி உருவம் கொடுப்பது. இதற்குக் கடைக்குப் போய்க் கருவிகள் வாங்க வேண்டியதே இல்லை. ஒரே கனமுள்ள இரண்டு அடிக்கோல்களை இரு பக்கமும் வைத்து, நடுவில் மண்ணை இட்டு, அப்பளக் குழவியால் உருட்டினால் ஒரே சீரான தகடு கிடைக்கும். மூன்று மில்லிமீட்டர் கனம் போதும். முறுக்கு அச்சில் இட்டுப் பிழிந்தால் நூல் போன்ற இழைகள் கிடைக்கும். அவற்றைச் சுருட்டிக் கொடியாகவும் பூவாகவும் அமைக்கலாம். சீப்பின் பல், பேனா மூடி, வேப்பிலையின் நரம்பு, நெல்மணி இவையெல்லாம் அழகான முத்திரைகள். ஆனால் ஒன்று: மண்ணுக்குக் கொடுத்த குழவியும் முறுக்கு அச்சும் மறுபடி சமையலறைக்குள் நுழையக் கூடாது.

ஜிமிக்கி செய்ய விரும்புவோர் ஒரு கோலிக்குண்டின் மேல் மெல்லிய துணியைப் போர்த்தி, அதன்மேல் மண் தகட்டைக் கவிழ்த்து அழுத்தினால் கிண்ணம் உருவாகும். மண் சற்று இறுகியதும் கோலியை எடுத்துவிட வேண்டும். கோலி சுருங்காது, மண் சுருங்கும். அப்படியே விட்டால் கிண்ணம் பிளந்துபோகும். இரண்டு துண்டுகளை ஒட்டும்போது, ஒட்டும் இடத்தை ஊசியால் கீறி, நீர்த்த களிமண் குழம்பைத் தடவி இணைக்க வேண்டும். வெறுமனே அமுக்கி ஒட்டினால் சூட்டில் பிரிந்துவிடும். கொக்கி மாட்டும் துளையை மண் ஈரமாயிருக்கும்போதே இட வேண்டும். கம்பியைச் சுட்ட பிறகே கோக்க வேண்டும்.

சுருக்கம் என்று சொன்னேன் அல்லவா? அதை அளந்து தெரிந்துகொள்வதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு மண் பட்டையில் சரியாக 10 சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்று கீறி, அதையும் மற்றவற்றோடு உலர்த்திச் சுட்டுவிடுங்கள். பிறகு அளந்தால் கோடு 9 சென்டிமீட்டர் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். உங்கள் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது என்று அர்த்தம். உள்விட்டம் 6 சென்டிமீட்டர் உள்ள வளையல் வேண்டுமானால் ஈர மண்ணில் எவ்வளவு வைப்பது? 6.6 என்று பலர் சொல்வார்கள். அது சுட்ட பிறகு 5.94 ஆகிவிடும், கை நுழையாது. 6ஐ 0.9 ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 6.7. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு எதற்குப் பயன்படப் போகிறது என்று கேட்கும் பெண் குழந்தைகளிடம் இந்த வளையலைக் காட்டலாம்.

எடையையும் கவனிக்க வேண்டும். ஒரு சவரன் என்பது 8 கிராம். ஒரு காதில் தொங்கும் மண் தோடு அந்த எடைக்கு உட்பட்டதாக இருப்பது நல்லது. மண்தானே என்று கை தாராளமாய்ப் போனால் காது தோள்வரை வந்துவிடும். ஒரு ஜோடியின் இரு தோடுகளையும் ஒரே உருண்டையிலிருந்து, தராசில் நிறுத்துச் செய்தால் இரண்டும் ஒன்று போல் அமையும்.

செய்த நகைகளை வெயிலில் காய வைக்கக் கூடாது. ஓரம் முந்திக் காய்ந்து சுருங்க, நடு பிந்திக் காய, இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் விரிசல் விழும். நிழலில், அடிக்கடி திருப்பிப் போட்டு, நான்கைந்து நாள் உலர்த்துங்கள். உலர்ந்துவிட்டதா என்று அறிய, துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளுமை தட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

இனிமேல்தான் அக்கினிப் பரீட்சை. நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு பருமனாக விரிகிறது. உள்ளே ஒளிந்திருக்கும் சொட்டு ஈரமும் திடீரென்று சூடானால் நகையை வெடித்துச் சிதற அடித்துவிடும். ஆகையால், முதலில் ஒரு பழைய இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் நகைகளை வைத்து, மிகச் சிறிய தணலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வாட்ட வேண்டும். அடுப்பில் வாட்டியதோடு நிறுத்திக்கொண்டால் அது நகை ஆகாது. மண்ணோடு கலந்தே இருக்கும் நீர் சுமார் 450 முதல் 600 டிகிரி சென்டிகிரேடு சூட்டில்தான் பிரிந்து போகிறது. அதற்குப் பிறகே மண் மறுபடி மண்ணாகாத நிலையை அடைகிறது. அவ்வளவு சூட்டைச் சமையல் அடுப்பிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே திறந்த வெளியில் ஒரு பழைய பானையில் உமி பரப்பி, நகைகளை ஒன்றோடொன்று நெருக்காமல் அடுக்கி, மேலும் உமியிட்டு, சுற்றிலும் வறட்டி அடுக்கி மூட்டம் போட வேண்டும். தீ மெதுவாக ஏற வேண்டும். ஆறுவதும் தானாகவே ஆற வேண்டும். இரவு முழுவதும் அப்படியே விட்டு மறுநாள் திறப்பதே உத்தமம். அவசரப்பட்டு நீர் தெளித்தால் அத்தனையும் பாழ். இந்த வேலையை வீட்டுக்குள்ளோ மூடிய அறையிலோ செய்யவே கூடாது. மூட்டத்தின் புகையில் உயிரைப் போக்கும் விஷ வாயு உண்டு. கூரை வீடுகளுக்கு அருகிலும் வேண்டாம். பருத்திப் புடவை உடுத்தி, தலைப்பைச் செருகி, கூந்தலை முடிந்துகொண்டு, பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் தூரத்திலிருந்து பார்க்கலாம்.

நன்றாக வெந்த நகையை நகத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வேகாததோ 'தொப்' என்று சொல்லும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் சேறாகியிருந்தால் சூடு போதவில்லை.

சிவப்புக்குக் காரணம் மண்ணிலுள்ள இரும்பு. காற்று தாராளமாகக் கிடைத்தால் அது சிவக்கும். நகை பழுக்கச் சூடாயிருக்கும்போது உமியைக் கொட்டி, மண் பூசிக் காற்றை அடைத்துவிட்டால், அதே நகை கரிய நிறம் பெறும். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்துள்ள, பாதி கறுப்பும் பாதி சிவப்புமான பாண்டங்களின் ரகசியமும் காற்றைக் கொடுப்பதிலும் தடுப்பதிலும்தான் அடங்கியிருக்கிறது. இவ்வளவு அழகான இரண்டு நிறங்கள் இருக்கையில், அவற்றின் மேல் ஊதாவும் வெள்ளியும் பூசி மறைப்பானேன்? பூசியே தீர வேண்டுமென்றால் ஈயம் கலவாத வர்ணமாகப் பாருங்கள். காதில் நுழையும் கொக்கி நிக்கல் கலவாததாக இருக்கட்டும். பலருக்குக் காது சிவந்து புண்ணாவது மண்ணால் அல்ல, அந்த நிக்கலால்.

நகரத்து மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் உமிக்கும் வறட்டிக்கும் எங்கே போவது என்று கேட்கலாம். அவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே நான் சொல்லும் சிறந்த யோசனை இது: மண் வாங்கிய அதே குயவரிடம், உலர்ந்த நகைகளை ஒரு சிறு பானையில் இட்டு, அவருடைய அடுத்த சூளையில் வைத்துச் சுட்டுத் தரும்படி கேளுங்கள். அதற்கு உரிய கூலியையும் கொடுங்கள். தலைமுறை தலைமுறையாய் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டை அறிந்தவர் அவர். நாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டு 'கலை' என்று பெயரிட்டு அழைப்பது அவருக்குச் சோறு போடும் தொழில்.

இப்போது முன்பே சொன்ன கணக்குக்கு வருவோம். நாலு பேர் நன்றாயிருக்கிறது என்று சொன்னதும், விற்கலாமே என்ற எண்ணம் தோன்றுவது இயற்கை. பக்கத்து வீட்டு மாமி ஒரு ஜோடி 40 ரூபாய்க்குக் கேட்பார். நாமும் மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவோம். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 ஜோடி செய்ய மண், கொக்கி, சூளைக் கூலி எல்லாம் சேர்த்து 400 ரூபாய் செலவு. 10 மணி நேர உழைப்பு. சூட்டில் 4 ஜோடி போய்விட்டன, மிஞ்சியது 16. அவற்றை 40 ரூபாய் வீதம் விற்றால் வரவு 640. செலவு போகக் கையில் நிற்பது 240. அதாவது மணிக்கு 24 ரூபாய்! உழைப்புக்கு மணிக்கு 60 ரூபாயாவது வேண்டுமென்றால், ஒரு ஜோடியை 62 ரூபாய் 50 காசுக்குக் குறைத்து விற்கக் கூடாது.

"வீட்டில் சும்மா இருக்கிற நேரந்தானே! எது வந்தாலும் லாபம்" என்று சிலர் சொல்வார்கள். நம் வீடுகளில் சும்மா இருக்கும் ஸ்திரீயை நான் இன்னும் பார்த்ததில்லை. அது கிடக்கட்டும். நாம் பொழுதுபோக்குக்குச் செய்து மலிவாக விற்கும் ஒவ்வொரு தோடும், அதே தோட்டை விற்று அடுப்பு மூட்டும் இன்னொரு பெண்ணின் விலையையும் கீழே இழுக்கிறது. 1935ஆம் ஆண்டில் நூல் நூற்பவர்களுக்கு வயிறு நிறையக் கூடிய கூலி கொடுத்தே தீர வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். அப்படியானால் கதர் விலை ஏறிவிடுமே என்ற கவலை எழுந்தது. ஏறினாலும் அதுவே நியாயம் என்பதே அவர் கொள்கை. ராட்டைக்குச் சொன்ன அந்த நியாயம் மண் தோட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே சகோதரிகளே, விற்பதானால் உழைப்புக்குத் தக்க விலை வைத்து விற்றுவிடுங்கள்; அன்புக்காகக் கொடுப்பதானால் காசே வாங்காமல் கொடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள 40 ரூபாய் யாருக்கும் நன்மை செய்யாது. முதல் முயற்சியில் ஜிமிக்கி, ஆரம் என்று பெரிய காரியங்களில் இறங்க வேண்டாம். பத்து மணிகள் உருட்டிச் சுட்டுப் பாருங்கள். அவற்றோடு அந்த 10 சென்டிமீட்டர்ப் பட்டையையும் மறவாமல் வையுங்கள். பத்தில் ஏழு முழுதாக வந்தால், உங்கள் கைக்கு மண் வசப்படத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.