புறக்கடைத் தோட்டமும் விஷப் புட்டியும்

புறக்கடைப் பப்பாளியிலோ செம்பருத்தியிலோ மாவுப்பூச்சி தென்பட்டவுடன், வயலுக்கு வாங்கிய விஷ மருந்தையே எடுத்துத் தெளிக்கும் வழக்கம் நம் அங்கத்தினரிடையே காணப்படுகிறது. இதனை நாம் ஒப்புவதற்கில்லை.

2008-ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரியையும் மரவள்ளியையும் பருத்தியையும் பாழாக்கியதை விவசாயிகள் மறந்திரார். பட்டு நெய்வோருக்கும் அது அயலார் கவலையன்று. பூச்சியின் மேலுள்ள மெழுகுப் போர்வை மருந்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வரவழைத்த அசெரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச் சிறிய குளவியே, அப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அடக்கிற்று. புறக்கடையில் விஷம் தெளிப்பவர் இக்குளவியையும் சேர்த்தே கொல்கிறார்.

பூச்சி மண்டிய கிளையை வெட்டி எரித்துவிடலாம். எஞ்சியதற்கு, வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். எறும்பையும் மரமேற விடலாகாது. இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பது அதுவே.

ஆனால், நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கக் கிடங்குகள் பலவற்றில் விஷப் புட்டிகள் உண்டு, வேப்பங்கொட்டை இல்லை. ஆனி, ஆடியில் உதிரும் கொட்டையை அங்கத்தினரிடமிருந்தே நியாய விலைக்கு வாங்கி உலர்த்தி வைக்க, நிர்வாகக் குழுக்கள் அடுத்த பருவத்திற்குள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.