கரியடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள்

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை ஜெபல் அலியில் 15 பாகைக்கும் கீழே இறங்கும் இரவுகள் உண்டு. தொழிலாளர் அறைகளிலும் பாலைவனக் கூடாரங்களிலும், வெளியே மூட்டிய கரியடுப்பைப் புகை அடங்கியதும் உள்ளே எடுத்துவந்து கதவைச் சாத்திப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். வளைகுடாவில் இப்படித் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்திகளைப் பல குளிர்காலங்களில் படித்திருக்கிறோம்.

"புகைதான் இல்லையே" என்று நினைப்பது தவறு. தணலிலிருந்து வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஒக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்ளும். சாம்பல் பூத்த தணலும் இதை வெளியிடும்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்று வரும், காய்ச்சல் இராது. ஒரே அறையில் இருவருக்கு ஒன்றாக வந்தால் உடனே சந்தேகியுங்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 998ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஒக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். சாதாரணக் கருவி இவ்விரண்டு வாயுக்களையும் பிரித்தறியாது. அவர்களுக்குத் தேவை மருத்துவமனையில் தரும் தூய ஒக்சிசன்.

ஆனால் அறிவுரை மட்டும் போதாது என்பதே என் கருத்து. அகதி வாழ்வில் குளிரில் நடுங்கிய இரவுகள் எனக்கும் உண்டு. நடுங்குகிறவர் சுவரிலுள்ள எச்சரிக்கையை வாசித்துக்கொண்டிருக்க மாட்டார். கரியைத் தடைசெய்யும் நிறுவனங்கள் பாதுகாப்பான மின்சூடாக்கியையும் தரவேண்டும். நாமும் தெரிந்த தொழிலாளி ஒருவருக்கு ஒரு கம்பளியாவது கொடுப்போம்.