ஊற்றிக் கொடுத்தவர்கள் சுவைக்கும்போது

தமிழ்நாட்டில் பண்டிகைக்குப் பாலினம் உண்டு. தீபாவளியும் பொங்கலும் கிடா வெட்டும் ஆணுக்கு ஓய்வு, பெண்ணுக்கு இரட்டை வேலை. விடியுமுன் எழுந்து அடுப்பு பற்ற வைப்பவள் அவள். மாலையில் அவன் நண்பர்களோடு மொட்டை மாடிக்குப் போகும்போது வறுவலும் தண்ணீரும் டம்ளரும் மேலே ஏற்றி அனுப்புபவளும் அவள்தான். மறுநாள் காலை, சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம் என்று மண்டலவாரியாக மது விற்பனைத் தொகை கிரிக்கெட் ஸ்கோர்போலச் செய்தியாகிறது. அந்தக் கோடிகளுக்குப் பின்னால் வறுத்த கைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடந்த டிசம்பரின் கடைசி வாரத்தில் சேலத்தில் ஒரு தோழியின் வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள் கூடி, மூன்று சிவப்பு ஒயின்களைச் சுவைத்துப் பார்த்தோம். நாசிக்கின் ஷிராஸ், நந்தி மலைப் பக்கத்துக் காபர்னே சாவிஞோன், அர்ஜென்டினாவின் மால்பெக். மூன்றும் அழுத்தமான வகை. இதில் ரகசியம் ஏதுமில்லை, சாகசமும் இல்லை. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், சொந்தச் சம்பளம் வாங்குபவர்கள். ஆனால் இதை வெளியே சொன்னதும் ஒரு நண்பர், “இதையெல்லாம் எழுதாதீங்க மேடம், பேரு கெட்டுரும்” என்றார். அவருடைய குடிக்கதைகளை நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவர் பேர் கெடவே இல்லை. எனவே எழுதுகிறேன்.

முதலில் சுவையைப் பற்றி. பெரும்பாலான கருந்திராட்சைகளின் சாறு நிறமற்றதுதான். தோலோடு சேர்த்து ஊறவிட்டுப் புளிக்க வைக்கும்போதுதான் சிவப்பு இறங்குகிறது. நிறத்தோடு டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இறங்குகிறது. நாக்கையும் ஈறுகளையும் இழுத்துப் பிடிக்கும் அந்த உணர்வை மேற்கத்திய ஒயின் வல்லுநர்கள் சுவை என்று எண்ணுவதில்லை, வாயில் படும் பதம் என்றே வகைப்படுத்துகிறார்கள். நமக்கோ துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவும் கடுக்காயும் பாக்கும் மாதுளைத் தோலும் தெரிந்த நாக்குக்கு இது புதிதல்ல. தோல் பதனிட ஆவாரம்பட்டையைப் பயன்படுத்திய ஊர்களில், அந்தப் பட்டையின் வேலையைச் செய்ததும் இதே டானின்தான். ஒயினைச் சுவைக்க ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பது வர்க்கம் கிளப்பிவிட்ட புரளி.

பள்ளிபாளையம் சிக்கனோடு குடித்தபோது மிளகாயும் ஒயினும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு வாய் எரிந்தது. கொழுப்புள்ள ஆட்டுக்கறி வறுவலோடு அதே ஒயின் சாதுவாகிவிட்டது. டானின் போய்ப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அறையின் வெப்பத்திலேயே பரிமாற வேண்டும் என்ற விதி குளிர்நாட்டு அறைகளுக்கானது. சேலத்து அறைக்கு அது பொருந்தாது. இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகுதான் பழத்தின் மணம் தெரிந்தது. இவ்வளவையும் நாங்களே கண்டறிந்தோம். கறியை வறுக்கத் தெரிந்தவளுக்கு, அது எதனோடு சேரும் என்று சொல்லவும் தெரியும். இத்தனை காலம் அவளைக் கேட்கத்தான் ஆளில்லை.

‘தமிழ்ப் பெண் மதுவைத் தொடலாமா?’ என்று பண்பாட்டைத் துணைக்கு அழைப்பவர்களிடம் தமிழ் படித்தவளாக ஒன்றைச் சொல்ல வேண்டும். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த மணக்கும் மதுவை வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்திக் கொடுக்க, அவன் பருகி இனிது வாழ வேண்டும் என்கிறார். கடல் கடந்து வந்த ஒயின் இங்கே ஈராயிரம் ஆண்டுப் பழசு. அரிக்கமேட்டில் யவன மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பாட்டில் பெண்ணின் வேலை ஊற்றிக் கொடுப்பது. இன்றைய மொட்டை மாடிவரை அந்த வேலைப் பிரிவினை மாறவில்லை.

ஆனால் அதே தொகையின் 235ஆம் பாட்டில் ஔவை இருக்கிறாள். நம் பக்கத்துத் தகடூர் அதியமான் இறந்தபோது அவள் முதலில் நினைத்துக்கொள்வது கள்ளைத்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் தங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று அழுகிறாள். பட்டினப்பாலையில் பூம்புகார்ப் பெண்கள் இரவில் பட்டைக் களைந்து பருத்தி உடுத்து மது அருந்தி மகிழ்கிறார்கள். இவை பாடத்திட்டத்தில் இருப்பவை. வகுப்பில் இவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

குறளைக் காட்டுவார்கள். காட்டட்டும். கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அதற்கு முன்னே 91 பெண்வழிச் சேறல், 92 வரைவின் மகளிர். பின்னே 94 சூது. மனைவி சொல் கேட்பது, விலைமகள், கள், சூதாட்டம் என்று ஆணைக் கெடுக்கும் பொருட்களின் வரிசை அது. அங்கே அறிவுரை பெறும் இடத்தில் பெண் இல்லை. கள்ளுக்குப் பக்கத்துப் பொருளாக வைக்கப்பட்டிருக்கிறாள். அந்த அதிகாரத்தை எடுத்துப் பெண்ணுக்கு நீதி சொல்ல வருபவர்கள், அந்த வரிசையை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.

இப்போது கடினமான கேள்வி. “குடியால் தாலி அறுந்த பெண்கள் நிறைந்த மண்ணில் உனக்கு ஒயின் கேட்கிறதா?” இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி கொண்டுவந்தார். இன்றைய நாமக்கல்லும் அன்று இதற்குள்தான் இருந்தது. அதற்கும் முன்பே 1921இல் ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவில் இறங்கியிருந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. செத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறிக்கூலி வீடு வந்து சேராத இரவுகளைப் பற்றி என் மாணவிகள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடையை மூடச் சொல்லி மறியலில் உட்காரும் பெண்ணோடு நானும் உட்காருவேன்.

அதில் முரண் இல்லை. அவள் கேட்பது தன் கூலியும் தன் உடம்பும் தன் இரவும் தனக்கு மிஞ்ச வேண்டும் என்பதை. நான் கேட்பதும் அதுதான். குடிக்காத ஆண்களும் மனைவியை அடிக்கிறார்கள். குடித்த ஆணும் மேலதிகாரியை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்துதான் அடிக்கிறான். யாரை அடிக்கலாம் என்ற தெளிவு எந்தப் போதையிலும் அவனை விட்டுப் போவதில்லை. ‘குடிதான் காரணம்’ என்பது அவனுக்குக் கிடைக்கும் முன்ஜாமீன். அவள் குடித்தால் அதே குடி அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

எங்கள் பகுதியில் ஒரு கல்லூரி. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி, வயது இருபத்திரண்டு. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது போதும். ஒரு பிறந்தநாளில் கையில் கோப்பையோடு அவள் சிரிக்கும் காணொளி செல்பேசிகளில் சுற்றியது. அதே காணொளியில் இரண்டு மாணவர்களும் இருந்தார்கள். விசாரணைக் கூட்டத்தில் நானும் இருந்தேன். “பசங்கன்னா அப்படித்தான், அட்வைஸ் பண்ணி அனுப்பிடலாம்” என்றார்கள். அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் தர முடிவாயிற்று. என் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள், முடிவு மாறவில்லை. இரண்டே மாதத்தில் அவளுக்குத் திருமணம் நடந்தது. ஒரு கோப்பைக்கு ஒரு பட்டம் விலை. இந்த விலைப்பட்டியலைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அரசுகளும் இதே பட்டியலைத்தான் வைத்திருக்கின்றன. 2018 ஜனவரியில் இலங்கையில் பெண்கள் மது வாங்கத் தடை விதித்த பழைய விதியை நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். ஆணின் குடியால் வரும் வருவாய் அங்கும் இங்கும் கஜானாவுக்கு வேண்டும். பெண்ணின் குடியால் மட்டும் நாடு கெட்டுவிடும். இன்னொரு வேடிக்கை: தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பனையேறியின் கள் குற்றம், பாட்டிலில் அடைத்த ஒயின் நாகரிகம். எங்கள் மூன்று பாட்டில்களும் இந்த வர்க்கச் சலுகையில் வந்தவைதான் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஒயின் கோப்பையைப் பெண் விடுதலையின் சின்னமாக்கி விளம்பரம் செய்யும் சந்தையையும் நான் நம்பவில்லை. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அழுத்தமான சிவப்பு ஒயினில் நூற்றுக்கு 13 முதல் 15 பங்கு ஆல்கஹால். அது பெண்ணியம் பார்த்துக் கல்லீரலை விட்டுவிடாது. எனவே மாணவிகளே, குடியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. குடிக்காதே என்று உங்களிடம் சொல்பவன் எந்த உரிமையில் சொல்கிறான் என்று கேளுங்கள் என்கிறேன்.

எனக்கு வேண்டியது கோப்பையைவிடப் பெரியது. பண்டிகை மாலை வேண்டும். யாருக்கும் எதையும் ஊற்றிக் கொடுக்காமல், யார் எப்போது சாப்பிட வருவார்கள் என்று காதை வாசலில் வைக்காமல், தான் வறுத்த கறியைச் சூடாகத் தானே தின்று, தோழிகளோடு உரக்கச் சிரிக்கும் மூன்று மணி நேரம். அதில் மோர் குடிப்பாளா, காபி குடிப்பாளா, ஒயின் குடிப்பாளா என்பதை அவள் முடிவு செய்துகொள்வாள். அடுத்த பண்டிகைக்கு டம்ளர்களை மேலே கொண்டுபோக வேறு ஆள் பாருங்கள்.