விண்டோஸ் 98 லேப்டாப்பில் ஓடுது... நெட்வொர்க் மட்டும் ஏன் வரலை?

கோவை கணபதியிலோ, பீளமேட்டிலோ, திருப்பூரிலோ இருபது, இருபத்தைந்து வருஷமாக நடக்கும் ஒரு நிறுவனத்தின் ஆபீஸ் ரூமை எட்டிப் பாருங்கள். மூலையில் தூசி படிந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே என்ன இருக்கும்? பம்ப் பாகங்களின் டிராயிங், பழைய பில் கணக்கு, பிரஸ்ஸாக இருந்தால் பேஜ்மேக்கரில் அடித்த தமிழ் நோட்டீஸ். அந்த ஹார்டு டிஸ்க் ஒருநாள் நின்றுவிட்டால் எல்லாம் போச்சு.

அதனால் விவரம் தெரிந்த இளைஞர்கள் இப்போது ஒரு வழியைப் பிடித்திருக்கிறார்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக நகல் எடுத்து, 86பாக்ஸ் அல்லது க்யூஎமு போன்ற எமுலேட்டரில் ஓடவிடுவது. எமுலேட்டர் என்றால், பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் சாப்ட்வேர். விண்டோஸ் 98 உயிரோடு வந்துவிடும். ஃபைலை வெளியே எடுக்க நெட்வொர்க்கைத் தொட்டதும்தான் தலைவலி ஆரம்பிக்கும்.

இதில் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம். 'கனெக்ட் ஆகலை' என்பது ஒரே பிரச்சினை இல்லை. நாலு தனித்தனி பிரச்சினை. இன்னொன்று, பழைய மெஷினுக்காக இன்றைய மெஷினின் பூட்டைக் கழற்றக் கூடாது.

கார்டு தெரியுதா?

எமுலேட்டர் உள்ளே ஒரு பொய்யான நெட்வொர்க் கார்டைச் செருகித் தருகிறது. அது எந்த கார்டு என்பதுதான் முதல் கேள்வி. க்யூஎமு வழக்கமாகத் தரும் இன்டெல் இ1000 கார்டுக்கு விண்டோஸ் 98 சிடியில் டிரைவர் கிடையாது. 80-களின் இறுதியில் வந்த என்இ2000 வகை கார்டைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் 98 அதை உடனே அடையாளம் காணும். டிரைவருக்காக அது பழைய சிடியைக் கேட்கும். அந்த சிடியின் இமேஜைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபி வந்துச்சா?

ஸ்டார்ட் மெனுவில் 'ரன்' போய் வின்ஐபிசிஎஃப்ஜி என்ற கட்டளையைக் கொடுங்கள். 10.0.2.15 என்று காட்டினால் எல்லாம் சரி. 169.254 என்று தொடங்கினால், ஐபி தரும் ஆள் பதில் சொல்லவில்லை, விண்டோஸ் தானாக ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்போது எமுலேட்டரின் நெட்வொர்க் செட்டிங்கைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் பிரயோஜனமில்லை.

பிங் போகலைன்னா பயப்படாதீங்க

இங்கேதான் பலர் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். எமுலேட்டர்களில் சுலபமானது ஸ்லர்ப் என்ற முறை. இதில் 10.0.2.2 என்பது கேட்வே, 10.0.2.3 என்பது டிஎன்எஸ். வெளி உலகத்துக்கு பிங் அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. அது கோளாறு இல்லை. அந்த முறையின் இயல்பே அப்படி. 10.0.2.2-க்கு பிங் போனாலே பாதை திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஸ்லர்ப்புக்கு ஒரு கதை இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. அந்தக் காலத்தில் மாணவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது ஷெல் அக்கவுண்ட். எழுத்து மட்டும் வரும், படம் வராது. உலகம் முழுக்க இருந்த அந்த மாதிரி அக்கவுண்ட்டுகளை முழு இன்டர்நெட் இணைப்பாக மாற்ற, அதே 90-களில் எழுதப்பட்டதுதான் ஸ்லர்ப். இன்று அதே சாப்ட்வேரின் வாரிசு க்யூஎமுவுக்குள் வேலை செய்கிறது.

வெப்சைட் திறக்கலையா?

ஐபியும் இருக்கு, கேட்வேயும் பதில் சொல்லுது, ஆனா எந்த சைட்டும் வரலை. இது நெட்வொர்க் பிரச்சினையே இல்லை. விண்டோஸ் 98-இல் ஓடும் கடைசி இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-க்குத் தெரிந்தது டிஎல்எஸ் 1.0 வரைதான். அதை 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகவே ஓரம் கட்டிவிட்டார்கள். இன்றைய சைட்டுகள் குறைந்தது டிஎல்எஸ் 1.2 கேட்கின்றன. ரெண்டு பேருக்கும் பாஷை புரியலை, அவ்வளவுதான்.

செய்யவே கூடாத ஒன்று

அடுத்து எல்லோரும் போவது ஃபைல் ஷேரிங்குக்கு. விண்டோஸ் 98-க்குப் புரியும் எஸ்எம்பி1 முறையை மைக்ரோசாஃப்ட் 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 வெர்ஷனிலிருந்து விலக்கி வைத்தது. காரணம் இருக்கு. அதே ஆண்டு மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை வைரஸ், பேட்ச் போடாத கம்ப்யூட்டர்களில் இந்த எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. 'ஒரு நிமிஷம் ஆன் பண்ணிட்டு ஆஃப் பண்ணிடலாம்' என்று தோன்றும். ஆஃப் பண்ண மறந்துவிட்டால், ஜிஎஸ்டி கணக்கும் பேங்க் லாகினும் இருக்கும் அதே ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒரு ஜன்னல் திறந்தே கிடக்கும். பழைய நோட்டீஸ் ஒன்றை எடுக்க இந்த விலை ரொம்ப அதிகம்.

இன்னொரு விஷயம்: ஆபீஸ் நெட்வொர்க்கோடு நேரடியாக இணைக்கும் பிரிட்ஜ் முறை, லேப்டாப் வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் வேலை செய்யாது. கேபிள் வேணும். வேலை செய்தாலும், 2006 ஜூலையோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஒரு சிஸ்டத்தை மற்ற மெஷின்களின் நடுவே உட்கார வைக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அப்போ என்னதான் வழி?

வேண்டியது ஃபைல் மட்டும் என்றால் நெட்வொர்க்கே வேண்டாம். எமுலேட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு, அந்த டிஸ்க் இமேஜை 7-ஜிப்பில் திறந்தாலே உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். இழுத்து வெளியே போட்டுக்கொள்ளலாம். பழைய சாப்ட்வேரில் திறந்து பிரிண்ட் எடுக்கவோ, வேறு ஃபார்மேட்டில் சேவ் பண்ணவோ மட்டும் எமுலேட்டரை ஓட்டுங்கள்.

ஃபைல் வெளியே வந்தபிறகும் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், ஃபைல் கெடவில்லை. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற எழுத்துருத் தரங்களை அறிவித்தது. தனியார் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒரு வழியில் போயின. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதத்தில்தான், அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் அடித்த தமிழை என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் மாற்றினால் படிக்க முடியும். எந்த எழுத்துருவில் அடித்தது என்று மட்டும் குறித்து வையுங்கள். அதற்காகவாவது அந்த விண்டோஸ் 98-ஐ ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

மியூசியத்தில் வைக்கிற சாமானைத்தான் நாம் வரலாறு என்கிறோம். ஒரு பட்டறையின் முதல் டிராயிங்கும், ஒரு பிரஸ் அடித்த ஊர்த் திருவிழா நோட்டீஸும்கூட கொங்கு நாட்டின் வரலாறுதான். நெட்வொர்க் வருதா வரலையா என்பது அப்புறம். ஹார்டு டிஸ்க் இன்னும் சுற்றும்போதே இமேஜை எடுத்து, ரெண்டு இடத்தில் காப்பி வைத்துவிடுங்கள். மத்ததை நிதானமா பாத்துக்கலாமுங்க.