ஒரே ஒரு 'சக்'

நியூயார்க்னா நமக்கு டைம்ஸ் ஸ்கொயரும் சப்வேயும்தான். அதே நகரத்துக்குள், ஸ்டேட்டன் தீவின் சதுப்பு நிலத்தில் வாழும் ஒரு தவளை இனத்துக்கு 2014-ல்தான் பெயரே வைத்தார்கள்.

உடம்பெல்லாம் புள்ளி உள்ள சிறுத்தைத் தவளை அது. அந்தப் பக்கம் வடக்கு, தெற்கு என்று இரண்டு இனம்தான் கணக்கு. மூன்றையும் பக்கத்தில் வைத்தாலும் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஆனா ஜெரமி ஃபைன்பெர்க் என்ற ஆய்வு மாணவரின் காதுக்குத் தெரிந்தது. வடக்குத் தவளை குறட்டை விடுவது போலக் கத்தும். தெற்குத் தவளை 'அக் அக் அக்' என்று அடுக்கும். இதுவோ ஒரே ஒரு 'சக்', அவ்வளவுதான். 2012-ல் டிஎன்ஏ ஆய்வும் இது தனி இனம்தான் என்றது.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. கார்ல் காஃபெல்ட் என்பவர் 1937-லேயே இங்கே மூன்றாவதாக ஒரு இனம் இருக்கிறது என்று எழுதிவிட்டார். யாரும் ஏற்கவில்லை. சுமார் 75 வருஷம் கழித்து, அவர் இறந்த பிறகுதான் 'ரானா காஃபெல்டி' என்று பெயர் வந்தது. ('ரானா'வா 'லித்தோபேட்ஸா' என்று ஒரு சண்டை இன்னும் ஓடுது, அது தனிக்கதை.)

பொதுவா உயிரினத்துக்கு ஆள் பெயர் வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆள் பெயரில் உள்ள ஆங்கிலப் பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023-ல் அறிவித்தபோது கை தட்டியவன் நான். ஆனா இந்தப் பெயரில் மட்டும் கை வைக்கக் கூடாது. இது புகழ்ச்சி இல்லை, பாக்கி.

"பெயர்ல என்னப்பா இருக்கு, தவளை தவளைதானே?" என்றான் ரூம்மேட். மெஷின் லேர்னிங் படிக்கிறவன் கேட்கிற கேள்வியா இது? டேட்டாவில் லேபிள் தப்பா இருந்தா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியாதா? இந்தத் தவளை இத்தனை வருஷமும் பக்கத்து இனங்களின் கணக்கில்தான் ஏறியிருந்தது. அந்த இனங்கள் வேற எங்கேயோ நிறைய இருப்பதால் யாருக்கும் கவலை இல்லை. இதற்கிடையே லாங் ஐலண்டில் சிறுத்தைத் தவளைகளின் சத்தமே நின்றுவிட்டது. அழிந்தது எந்த இனம் என்பதே பெயர் வைத்த பிறகுதான் கேட்க முடிந்த கேள்வி.