முக்கோணப் படம் போதாது

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது பலகையில் ஒரு முக்கோணம் வரைவது எங்கள் ஆசிரியர்களின் வழக்கம். அடியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள், நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 நீதிபதிகள். தேர்வில் மதிப்பெண் வாங்க அது போதும். ஒரு சாமானியனின் குறை எப்படி மேலே ஏறுகிறது என்பது மட்டும் அதில் தெரியாது.

நியூஜெர்சியில் குடிமையியல் நடத்தும் நான், ஒரே வழக்கைக் கையில் எடுக்கிறேன். 1965 டிசம்பரில் டி மொயின் நகரில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுச் சிறுமி, வியட்நாம் போரில் மாண்டவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்குப் போனாள். இடைநீக்கம் செய்தார்கள். வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது; அங்கே தோல்வி. மேல்முறையீட்டில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அதே தீர்ப்பு நிலைத்தது. 1969 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஏழு பேருக்கு இருவர் என்ற கணக்கில், மாணவர்கள் பக்கம் நின்றது.

இங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும். “மாநில நீதிமன்றத்துக்கு ஏன் போகலை?” என்பார்கள். கொலை, விவாகரத்து பெரும்பாலும் அங்கேதான். பேச்சுரிமையோ நாட்டின் அரசியல் சட்டம் தந்தது; அதனால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். மேல்முறையீட்டில் சாட்சியும் கிடையாது, ஜூரியும் கிடையாது என்றால் நம்ப மறுப்பார்கள். நேரில் பார்த்தால் புரியும்; கூட்டாட்சி நீதிமன்ற விசாரணைகளைப் பெரும்பாலும் யாரும் போய்ப் பார்க்கலாம். ஆகவே எங்கள் மாநிலத்தின் நூவர்க் நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்ய ஒவ்வொரு பள்ளியும் பணம் ஒதுக்க வேண்டும்.