முதலைப் பாங்கில் முதலும் வட்டியும்

பாங்கு என்றாலே நம்மில் பலருக்குப் பயம் உண்டு. பணம் போட்டவர்களுக்கு ஒரு மாதிரிப் பயம். கடன் வாங்கியவர்களுக்கு வேறு மாதிரிப் பயம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் போய் வந்த பாங்கிலோ இருவருக்கும் பொதுவான பயம் ஒன்று இருக்கிறது. அங்கே நீட்டிய கை திரும்பி வராது!

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், வடநெம்மேலி கிராமத்தில் இருக்கிறது அந்த ஸ்தாபனம். சென்னை முதலைப் பாங்கு என்று பெயர். ஜனங்கள் முதலைப் பண்ணை என்பார்கள். விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியின் நச்சரிப்புத் தாங்காமல் கிளம்பினோம்.

உள்ளே நுழைந்ததும் குழந்தைக்குப் பெருத்த ஏமாற்றம். மரக்கட்டைகளை அடுக்கி வைத்தாற்போல் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு வெயிலில் கிடந்தன. "எல்லாம் பொம்மையா, தாத்தா?" என்றாள். பக்கத்தில் நின்ற கனவான் ஒருவருக்கும் அதே சந்தேகம் போலும். அதை நிவர்த்தி செய்துகொள்ள ஒரு கல்லைப் பொறுக்கினார். காவலாள் ஓடிவந்து, "ஐயா, அதற்கும் உயிர் இருக்கிறது. உடற்சூடு தணிய வாயைத் திறந்து வைத்திருக்கிறது. நம்மைப்போல் வீணாக அலட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்!" என்றார். கல் கனவானின் கையிலிருந்து தானாகவே நழுவி விழுந்தது.

இந்தப் பாங்கு ஏற்பட்ட காரணம் என்ன தெரியுமா? கைப்பைக்கும் பாதரட்சைக்கும் தோல் வேண்டி மனிதர் முதலைகளை வேட்டையாடித் தீர்த்தனர். 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நமது ஆறுகளில் அவை அருகிப் போயிருந்தன. ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் 1976-இல் இந்த ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். முதலைகளை இங்கே சேமித்துப் பெருக்கி, பின்னர் ஆறுகளுக்குத் திருப்பித் தருவது அவர்கள் நோக்கம். ஆகவேதான் பாங்கு என்ற பெயர். முதலையே முதல், குஞ்சுகள் வட்டி!

இங்கே கண்டறிந்த விஷயங்கள் நம் அகந்தையை அடக்கக் கூடியவை. முதலை முட்டைக்குள் இருப்பது ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சதுப்பு முதலையின் முட்டை ஏறக்குறைய 32½ டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இருந்தால் ஆண். 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெண். குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து குரல் கொடுத்ததும் தாய் மணலைத் தோண்டி, அவற்றை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டு போகிறது. தாய் மட்டுமா? தந்தையும் அந்தப் பணியைச் செய்வதை இங்கே பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தையைத் தூக்கக் கூசும் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் ஒருமுறை வடநெம்மேலிக்குப் போய்வந்தால் நல்லது. (வரும் வழியில் என் மனைவி இதை இருமுறை சொன்னாள்.)

நிற்க. பாங்கு அமோகமாக நடந்தது. ஒரு தாய் ஒரு தடவையில் இருபத்தைந்து முப்பது முட்டை இடும்; சில தாய்கள் வருஷத்தில் இருமுறை இடும். குஞ்சுகள் பல மாகாணங்களின் ஆறுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் 1994-இல் மத்திய அரசாங்கம் இப்படி விடுவதை நிறுத்திவிட்டது. அன்று முதல் வட்டி ஏறிக்கொண்டே போயிற்று; வாங்கிக்கொள்வார் இல்லை. இடமோ சில ஏக்கர். முட்டைகளைப் பொறிக்க விடாமல் எடுத்து அழிக்க வேண்டியதாயிற்று. 2022-ஆம் ஆண்டில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்திலுள்ள ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி கிடைத்தது. அங்கேயும் அவற்றுக்கு வாய்ப்பது ஆறு அல்ல; வேறொரு வேலிதான்.

அவிநாசியில் சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடியபோது, முதலை தான் விழுங்கிய பாலனை வளர்ந்த பிள்ளையாகக் கரையில் கொண்டுவந்து விட்டது என்று கேட்டிருக்கிறோம். அந்தக் கதையைப் பேத்திக்குச் சொன்னேன். அவள் சற்று யோசித்தாள். "அப்போது முதலை நம் குழந்தையைத் திருப்பிக் கொடுத்ததே! இப்போது அதன் குழந்தைகளை நாம் எங்கே கொண்டுபோய் விடுவது, தாத்தா?" என்றாள்.

மணல் வாரப்பட்ட ஆறுகளும், கழிவு நீர் ஓடும் வாய்க்கால்களும் என் மனக்கண்முன் வந்து நின்றன. முதலையைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டோம். அது வாழ வேண்டிய மடுவைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ளவில்லை. அன்றிரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.